உலகம்மை வந்த பிறகு வந்த அரிப்பு

ஏப்ரல் 9, புதன்

கடையில் ஒரு டைரி மிஞ்சிக் கிடந்தது, எடுத்து வந்தேன். எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் பிடரி அரிக்கிறது, காதுக்குப் பின்னால் அரிக்கிறது, நெற்றியோரம் முழுக்கச் சிவந்து தடித்திருக்கிறது. யாரிடம் சொன்னாலும் "வெயிலுல்லா" என்கிறார்கள். தூத்துக்குடி வெயில் எனக்கு மட்டுமா அடிக்கிறது? பாத்திரக்கடையில் எவர்சில்வர் பிரிவில் என்னோடு நிற்கிற நயினாருக்குச் சட்டையைப் பிழிந்து காயப்போடுகிற அளவுக்கு வேர்க்கும். அவன் பிடரி வாழைத்தண்டு மாதிரி இருக்கிறது.

வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு வைத்தியம். பகவதி அக்கா, அத்தான் தவறிய பிறகு என்னோடு வந்து இந்த வீட்டை நடத்துகிறவள், "சூடுலே தம்பி, நல்லெண்ணெய் தேச்சிக் குளி" என்கிறாள். உலகம்மை, தை மாதம் நான் கட்டிக்கொண்டு வந்தவள், "டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். எண்ணெயோடு சேர்ந்து அரித்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டு ஒரு மணி நேரம் ஆகும். உலகம்மை வெளியில் நின்று, "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். சரியில்லை என்றேன். வெளியே வந்தால் கையில் மிளகுக் கஷாயத்தோடு நிற்கிறாள். வேறு வழியில்லாமல் குடித்தேன். நல்ல காரம்.

ஏப்ரல் 16, புதன்

வருஷப் பிறப்பு விருந்துக்கு உலகம்மை எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்திருந்தாள். அம்பாசமுத்திரத்துப் பக்குவம். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இன்று கண்ணாடியைப் பார்த்தால் காதுமடல் இரண்டும் வீங்கி, மேலுதட்டில் கொப்புளம்.

அக்கா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கத்திரிக்கா கரப்பான்லா! சொறி புடிச்சவனுக்கு எவளாச்சும் கத்திரிக்கா போடுவாளா?"

உலகம்மை கூடையில் மீதியிருந்த கத்திரிக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இனி இந்த வீட்டில் கத்திரிக்காய் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலை, மீசை உட்பட.

ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். எனக்கு முன்னால் உலகம்மையைப் பார்க்க ஒரு வரன் வந்ததாம். நரைத்த மாப்பிள்ளை என்று அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தரகர் அக்காவிடம் சொன்னார். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு ஒரு முடிகூட நரைக்கலையே" என்று பூரித்துப் போனார்கள். அக்கா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க குடும்பத்துல யாருக்குமே சீக்கிரம் நரைக்காது" என்றாள். அக்காவின் தலை கொக்கு மாதிரி வெளுத்திருக்கும். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் வயதைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை.

மே 1, வியாழன்

மறுபடியும். இந்த முறை கண்ணிமை வரைக்கும். கத்திரிக்காயை ஒழித்தும் இப்படி என்றால் என்ன அர்த்தம்? அக்கா சொல்கிறாள், உலகம்மையின் அம்மா அரைத்து அனுப்பிய சீயக்காய்த் தூள் குளியலறையில் பறந்து என் மேல் படுகிறதாம். நான் சீயக்காய் போடுவதே இல்லை என்றேன். "அதான் பறக்குதுங்கேன்" என்றாள். டப்பா வெளியே போனது. உலகம்மை கடையில் ஷாம்பு வாங்கிக்கொண்டாள். அதில் முடி கொட்டும் என்று மட்டும் சொன்னாள்.

மே 7, புதன்

கரண்ட் இல்லை. அரிப்பு இருக்கிறது.

மே 14, புதன்

உலகம்மை என் தலையணைக்குக் கறுப்புத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். வீட்டில் மற்ற உறையெல்லாம் வெள்ளை. இது என்ன நிறம் என்று கேட்டேன்.

"அழுக்குத் தெரியாது" என்றாள்.

சிக்கனமான பெண்தான்.

மே 22, வியாழன்

போன ஞாயிறு வழக்கமான வேலை. நேற்றிலிருந்து கழுத்தெல்லாம் எரிச்சல். வேர்வை தலையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் கோடு கோடாகத் தடிப்பு. கடைக்கு வந்த ஒரு அம்மாள் குத்துவிளக்கை என் கையிலிருந்து வாங்காமல், "நயினார் தம்பி எடுத்துத் தரட்டும்" என்றாள். பதினேழு வருஷமாக நான் விளக்கு எடுத்துக் கொடுக்காத கல்யாணம் இந்த ஊரில் குறைவு. மானம் போயிற்று.

சாயங்காலம் தோல் டாக்டரிடம் போனோம். நான், உலகம்மை, அக்கா மூவரும். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் அம்மா சின்ன வயதுதான், ஆனால் கேள்வி மேல் கேள்வி. என்ன சோப்பு, என்ன எண்ணெய், என்ன வேலை, கழுத்தில் சங்கிலி உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு என் தலையை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "டை அடிக்கிறீங்களா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"மீசைக்கு?"

"இல்லங்க. இயற்கையே இப்படித்தான்."

"எங்க குடும்பத்துல யாருக்குமே சீக்கிரம் நரைக்காது" என்றாள் அக்கா. டாக்டர் அக்காவின் தலையைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நிமிஷம் நின்றது. உலகம்மை சுவரில் இருந்த குழந்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தமில்லாத கேள்வி. ஊரில் பாதிப் பேர் அடிக்கிறார்கள், எவன் சொறிகிறான்? மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "டாக்டர்ட்ட எல்லாஞ் சொல்லிட்டியளா?"

"பின்னே, சொல்லாம?"

அதற்குப் பிறகு வீடு வரை பேசவில்லை. அவ்வளவு புழுக்கம்.

ஜூன் 1, ஞாயிறு

மாத்திரை கைகண்ட மருந்து. தோல் குழந்தைத் தோலாகிவிட்டது. இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். உலகம்மையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க வந்தாள். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல. நீங்களா சொல்லுவிய" என்றாள். எதைச் சொல்வது?

ஜூன் 11, புதன்

மாத்திரை தீர்ந்தது, சனியன் திரும்பி வந்தது. முன்னைவிட மோசம். டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மெத்தையாம். சீர் வரிசையில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. "பஞ்சுல என்ன பூச்சி கெடக்கோ. கல்யாணத்துக்கு மின்ன உனக்கு இதெல்லாம் இருந்துச்சா? யோசிச்சிப் பாருலே."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், இருந்ததில்லை. மெத்தையை மாடியில் வெயிலில் போட்டோம். அதோடு, ஒட்டுவாரொட்டியாக இருந்தால் உலகம்மைக்கும் வந்துவிடும் என்று அக்கா சொன்னதால் நான் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். தற்காலிக ஏற்பாடுதான்.

ஜூன் 20, வெள்ளி

பாயில் முதுகு வலிக்கிறது. உலகம்மை இப்போதெல்லாம் அறைக்கதவை ஒருக்களித்து வைக்கிறாள். மூடவுமில்லை, திறக்கவுமில்லை. புழுக்கமாக இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உலகம்மை வந்த புதிதில் அம்மா வீட்டிலிருந்து ஒரு பிச்சிக்கொடி கொண்டுவந்து குழாயடியில் நட்டிருந்தாள். அது ஜன்னல் கம்பியில் ஏறி நன்றாகப் படர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்குக் கண் பாதி மூடிவிட்டதா, அக்கா அந்தக் கொடியைப் பார்த்துவிட்டாள். "பூத்தூசி" என்றாள். உலகம்மை கோயிலுக்குப் போயிருந்த நேரம், வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். நான் தடுத்திருக்கலாம். கையெல்லாம் களிம்பாக இருந்தது.

உலகம்மை வந்து பார்த்தாள். "மொட்டு விட்டிருந்துச்சு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அக்காவைப் பார்த்து இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுப்படிக்குப் போய் உப்புமா கிண்டினாள்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. புதுப்பெண் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். அவள் அண்ணன் சீர்த் தட்டோடு வந்து கூட்டிப்போனான். எனக்கு வேட்டி சட்டை. உலகம்மை சேலை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒரு மாதத்துக்கு எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"அங்க சாரல் காலம். துணி காயாது" என்றாள்.

இருக்கும். அம்பாசமுத்திரத்தில் ஆடியில் சாரல் அடிக்கும்தான்.

ஜூலை 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு லீவு. போன வாரமும் லீவுதான். யாருக்காக அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்றத்தில் உட்கார வேண்டும்?

ஆகஸ்ட் 4, திங்கள்

அரிப்பு நின்றுவிட்டது. மாத்திரை இல்லாமல், களிம்பு இல்லாமல், தானாக. ஆடிப்பெருக்குக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து அழைப்பு வந்தது. கடையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்கவில்லை. தலை இருக்கிற இருப்பில் எப்படிப் போவது? நயினார் வேறு, "அண்ணாச்சி, மண்டையில வெள்ளையடிச்சிருக்கியளோ?" என்று சிரிக்கிறான்.

அக்கா என் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாத்தியாலே? அவ போனா, சொறியும் போச்சு. நான் வாயைத் தொறந்து சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஆடி கழிஞ்சாலும் ஒரு ஆறு மாசம் அங்கயே இருக்கட்டும். உனக்கு நல்லா ஆவட்டும்."

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாயிற்று. கடைசியில் அவள் விலகியபோதுதான் நின்றது. அக்கா சொல்வதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. எனக்குத்தான் சந்தோஷப்பட வரவில்லை. உடம்பு அரிக்காமல் படுத்திருப்பது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அக்கா சொன்னதைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அரித்தால் அரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆவணி பிறக்கிறது, அன்றைக்கே வந்து கூட்டிப்போகிறேன் என்று போன் செய்தேன். "சரி" என்றாள். இன்று கடை லீவு. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்தேன். ஒரு மாதத்து வெள்ளை, இரண்டு பாக்கெட் பிடித்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கண் திறக்க முடியவில்லை. ஒரு கண்ணை விரலால் பிளந்துகொண்டு எழுதுகிறேன். நெற்றியெல்லாம் நீர் கோத்துத் தொங்குகிறது. அம்பாசமுத்திரம் போகவில்லை.

கத்திரிக்காய் இல்லை. சீயக்காய் இல்லை. மெத்தை இல்லை. கொடி இல்லை. உலகம்மை இல்லை. இந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். நானும் வெள்ளிக்கிழமை அடித்த டையும்.

டை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அம்மா உட்காரச் சொல்லவில்லை, நேரே கேட்டார். "எப்ப அடிச்சீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"மே மாசம் இல்லன்னீங்களே."

"பக்கத்துல வீட்டுக்காரி இருந்தா."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டையில் இருக்கிற மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாதாம், முதலில் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு இப்படிக் காட்டுமாம், நம் ஊர் வேர்வையில் கரைந்து கழுத்து மார்பு என்று இறங்குமாம். இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது, அடுத்த தடவை மூச்சே அடைக்கலாம் என்றார். ஊசி போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத அவகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத. ஏமாத்திக் கட்டி வச்சிட்டோம்னு ஊரெல்லாம் பேசுவாங்க. நோயில நரைச்சுப்போச்சுன்னு சொல்லிக்கிடலாம். அரிப்புக்கு மெத்தைதான் காரணம்னே இருக்கட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அந்தக் கொடியப் புடுங்கினியே அக்கா!" என்று கத்தினேன்.

"நீ பாத்துக்கிட்டுத்தானலே நின்ன?" என்றாள்.

அழுகை வந்தது. வீங்கிய கண்ணில் அதுவும் எரிந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முகம் வடிந்துவிட்டது. அம்பாசமுத்திரம் போய் வந்தேன். அடியில் வெள்ளை, மேலே கறுப்பு, நடுவில் ஒரு செம்பட்டை. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார்கள். உலகம்மை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே சாரல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நின்ற நிலையிலேயே சொன்னேன். டை அடிக்கிறேன், பெண் பார்க்க வந்ததற்கு முந்தின நாளிலிருந்து அடிக்கிறேன், அரிப்புக்கு அதுதான் காரணம், உன்னால் இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"டை அடிக்கிறது கல்யாணமாகி மொத வாரமே தெரியும். தலையணை உறையைத் துவைக்கிறவ நான்தான? அரிப்பு அதுலதான்னு டாக்டரு கேட்டப்பவே புரிஞ்சு போச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

சேலையை உதறிக் கொடியில் போட்டாள். நிதானமாகத்தான் பேசினாள். "நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். கத்திரிக்காயத் தூக்கிக் குடுத்தப்ப ஒண்ணும் தோணல. டாக்டர்ட்ட சொல்லுவியன்னு பாத்தேன். மெத்தைய மாடிக்குத் தூக்கினப்ப, இப்பச் சொல்லுவியன்னு பாத்தேன். கொடியப் புடுங்கினப்ப பாத்தேன். உங்க அக்கா என்னையே சொறிங்கிற மாதிரி பேசினாவ. அப்பவும் நீங்க வாயத் தொறக்கல. முடி நரைச்சது எனக்கு ஒரு குத்தமாங்க?"

"மொதல்ல வந்த மாப்பிள்ளைய நரைன்னுதான வேண்டாம்னு சொன்ன?"

"யாரு சொன்னா? அவரு எங்க அம்மாவ மரியாதையில்லாம பேசினாரு. அதான் வேண்டாம்னேன்."

மன்னிச்சிரு என்றேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, சரியாக வரவில்லை. வா, போவோம் என்றேன்.

அவள் என் தலையை நன்றாகப் பார்த்தாள். கிட்டத்தில் வந்து பார்த்தாள். "இப்ப வரல. இதெல்லாம் போவட்டும். முழுசா வெளுத்த பெறவு வாங்க. யாரக் கட்டியிருக்கேன்னு நான் இன்னும் பாக்கல."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சலூனுக்குப் போய் முடியை ஒட்ட வெட்டச் சொன்னேன். மீசையை எடுக்கச் சொன்னேன். "என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்கள். நரை என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உலகம்மை சொன்னதையும் சேர்த்து. அவள் இனி இந்த வீட்டுக்கு வந்தால் கத்திரிக்காயை முடிவு செய்கிறவள் அவள்தான் என்றும் சொன்னேன். எட்டு நாளாகப் பேச்சில்லை. இன்று அக்கா சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்து, என்னைப் பார்க்காமலேயே எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தாள். உலகம்மை கைப்பக்குவம் வரவில்லை. சாப்பிட்டேன். அரிக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கண்ணாடியில் அப்பா தெரிகிறார். ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிக்கொண்டிருக்கிறது. நயினார் கிண்டலை நிறுத்திவிட்டான், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

தலை முழுக்க வெள்ளை. ஒரு கறுப்பு முடி மிச்சமில்லை. திருநெல்வேலியில் பஸ் மாறினேன். கூட்டம். கண்டக்டர், "பெரியவருக்கு எடம் விடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? முதலில் கோபம்தான் வந்தது. வழியெல்லாம் பயமாக இருந்தது. பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அம்மாதான் கதவைத் திறந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "யாரு வேணும்?"

செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து உலகம்மை வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவியதாம்மா. உள்ள வரச் சொல்லு" என்றாள்.